சகோதரர்: இல்லை

என் அண்ணன் கதிரவேலு சச்சிதானந்தன் ரொறன்ரோவிலுள்ள இந்தோனேசியத் துணைத்தூதரகத்தில் இருபத்துநான்கு வருடங்கள் சாரதியாக இருந்தார். முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்ன அண்ணி பாலேஸ்வரி, கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்.

“உள்ளதை எழுதுங்கோ தம்பி. எல்லாற்ற மலரிலயும் வாற மாதிரிச் சிரிச்ச முகம், குழந்தை மனசு எண்டு எழுதவேண்டாம். வாசிக்கிற சனம் ஆள் மாறிப்போச்செண்டு நினைக்கும்.”

அண்ணனுக்குச் சிரித்த முகமில்லை. படங்களில் எல்லாம் கடவுச்சீட்டுக்கு எடுத்தது போலத்தான் நிற்கிறார். அதிகம் பேசமாட்டார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி தொலைபேசியில் கேட்டது. மீதி கடைசி எட்டு மாதங்களில் அவர் வீட்டில் இருந்து கேட்டது.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அவர் 1960இல் பிறந்தார், நான் 1973இல். இடையில் பிறந்தவை தங்கவில்லை. 1991 மாரியில் அவர் கனடாவுக்கு வந்து இறங்கியபோது நான் இலங்கையில், இயக்கத்தில் இருந்தேன். வந்தவர்களுக்கு அகதிக் கோரிக்கைப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் ஊர்க்காரர் ஒருவரிடம் அண்ணனைக் கூட்டிப்போனார்கள்.

“சகோதரம் எத்தினை?” என்று அவர் கேட்டிருக்கிறார்.

“ஒரு தம்பி. போன வருசம் இயக்கத்துக்குப் போயிட்டான்.”

“அப்ப அவனைப் போடாதையும். அவனைப் போட்டா உம்மையும் அந்தக் கணக்கிலதான் பாப்பாங்கள்.”

சகோதரர் என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதி அண்ணன் கையெழுத்து வைத்தார். அந்த நாளில் இது ஒன்றும் புதுமையில்லை. ஸ்காபரோவில் பல வீடுகளின் படிவங்களில் மருமகன் மகனானார், தம்பி காணாமற்போனார். பதினான்கு மாதங்களில் நான் இயக்கத்திலிருந்து விலகிவிட்டேன். பிறகு பட்டமும் படித்தேன். ஆனால் படிவம் படிவமாகவே இருந்தது. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தபோதும் குடியுரிமை எடுத்தபோதும் அண்ணன் அதையே எழுதவேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு துணைத்தூதரகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர்களும் குடும்ப விபரம் கேட்டார்கள். அங்கும் ‘இல்லை’.

அதற்கு முன் அவர் விமானநிலைய லிமோசின் ஓட்டினார். துணைத்தூதரகத்துக்கு விருந்தினர் வரும்போது அந்த நிறுவனத்தைத்தான் கூப்பிடுவார்கள். நேரத்துக்கு வருவார், கேட்காத ஒன்றையும் பேசமாட்டார் என்பதைக் கவனித்து அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் வுலன்தாரி துணைக் கொன்சலாக வந்தார். அப்போது அவருக்கு முப்பத்தேழு வயது. முன்பு ஒரு தடவை பெர்லினில் இருந்தவர். சுமாத்திராவில் மேடான் நகரத்தில் பிறந்தவர். மேடானில் தமிழரும் இருக்கிறார்கள், மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. ஆகவே அண்ணனின் பெயரை முதல் நாளே தடுமாறாமல் சொன்ன ஒரே அதிகாரி அவர்தான். அவருக்கு அந்த ஒரு பெயர்தான். தகப்பன் பெயரோ குடும்பப் பெயரோ இல்லை. கனடாவில் எந்த அலுவலகக் கருமபீடத்துக்குப் போனாலும் மற்றப் பெயர் எங்கே என்று கேட்பார்களாம். “எனக்கு இரண்டு இருக்கு, ஒண்டு அப்பாவின்ர. சனம் என்னை அப்பாவின்ர பேராலதான் கூப்பிடுது” என்று அண்ணன் சொல்ல, அவர் வெகுநேரம் சிரித்தாராம். அண்ணன் அவரை ‘இபு’ என்று அழைப்பார். மரியாதையாக அம்மா என்று சொல்வதுபோல. அவர் அண்ணனைப் ‘பாக் சச்சி’ என்பார். பாக் என்றால் ஐயா.

துணைக் கொன்சல் என்றால் விருந்தும் கொடியும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவரது வேலையில் பாதி கடவுச்சீட்டு, பாதி சாவு என்று அண்ணன் சொல்வார். சிறையிலிருக்கும் இந்தோனேசியரைப் போய்ப் பார்க்கவேண்டும், ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் தாயைத் தொலைபேசியில் கூப்பிடவேண்டும். 2002 கார்த்திகையில் ஹமில்ரன் துறைமுகத்தில் நின்ற கப்பலொன்றில் மாலுமி ஒருவர் மாரடைப்பால் இறந்துபோனார். அவரைக் குளிப்பாட்ட முஸ்லிம் ஆண்கள் தேவை. அண்ணன் இபுவை ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளிவாசலுக்குப் போய் ஆள் பிடித்தார். மறுநாள் விமானநிலையத்தின் சரக்குக் கொட்டிலில் பெட்டியைத் தூக்க நான்கு பேர் வேண்டும், மூன்று பேர்தான் இருந்தார்கள். அண்ணன் கையுறையைக் கழற்றிவிட்டு நான்காவது பிடியைப் பிடித்தார்.

“பாக் சச்சி, இது உங்கட வேலைப் பட்டியலில இல்லை” என்றாராம் இபு.

“உங்கடதிலயும் இல்லைத்தானே” என்றாராம் இவர்.

அவர்கள் ஆங்கிலத்தில் பேசியவற்றை, அண்ணன் எனக்குத் தமிழில் சொன்னபடியே எழுதுகிறேன்.

2004இல் இபு ஜகார்த்தாவுக்குத் திரும்பினார். அவர்களது சேவையில் முறை அப்படி: மூன்று வருடங்கள் வெளியே, பிறகு சில வருடங்கள் தலைநகரில் மேசை வேலை, மறுபடி வெளியே. 2010இல் பதவி உயர்ந்து, கொன்சலாகத் திரும்பவும் ரொறன்ரோவுக்கே வந்தார். அதே வருடம் நான் அவருடைய நாட்டில் போய்ச் சேர்ந்தேன்.

போர் முடிந்தபின் நான் மலேசியாவுக்குப் போய், அவுஸ்திரேலியாவுக்கென்று புறப்பட்ட படகொன்றில் ஏறினேன். படகு சுமாத்திராக் கரையோடு நின்றுவிட்டது. எங்களை மேடானில் அகதிகளுக்கான விடுதியொன்றில் விட்டார்கள். ஐ.நா. அதிகாரி முதல் விசாரணையில் உறவினர் விபரம் கேட்டார். அன்று பின்னேரம் அண்ணனைக் கூப்பிட்டேன்.

“அண்ணை, உங்கட பேரைக் குடுத்திருக்கிறன்.”

“என்னெண்டு குடுத்தனி?”

“என்னெண்டு குடுக்கிறது? அண்ணன் எண்டுதான்.”

“டேய், நான் இஞ்ச தம்பி இல்லையெண்டெல்லோ குடுத்திருக்கிறன்” என்றார்.

அதன்பிறகுதான் 1991இல் நடந்ததை எனக்குச் சொன்னார். இனிமேல் யார் கேட்டாலும் சிநேகிதன் என்றே சொல்லவேண்டும் என்று முடிவெடுத்தோம். ஐ.நா. கோப்பில் ஏறியதை மாற்றமுடியாது என்று அப்போது இருவருமே யோசிக்கவில்லை. என்னைக் கனடாவுக்கு எடுத்துவிடவேண்டும் என்பதுதான் அன்றிலிருந்து அவரது ஒரே எண்ணம். என்னை எடுக்கவிடாமல் நின்றதும் அவரது கையெழுத்துத்தான்.

அதிகாரிகளிடம் தனக்கென்று எதையும் கேட்பதில்லை என்பது அண்ணனின் பிடிவாதம். காரில் தூதுவரோ அமைச்சரோ இருந்தால் முன்பக்கக் கொடியின் உறையைக் கழற்றவேண்டும், அவர் இறங்கியதும் உறையைப் போட்டுவிடவேண்டும். தன் வாயையும் அதேபோலத்தான் வைத்திருந்தார். 2013இல் இபுவுக்கு மறுபடி மாற்றம் வந்தபோது, பதின்மூன்று வருட வேலையில் முதல்முறையாக ஒன்று கேட்டார். எனக்கும் அவருக்கும் அப்பாவிடமிருந்து வந்த கிட்டப்பார்வை. மேடானில் எனக்குச் செய்த கண்ணாடி சரிவரவில்லை. அண்ணன் ஸ்காபரோவில் இரண்டு கண்ணாடிகள் செய்வித்து, மேடானில் ஒரு சிநேகிதன் இருக்கிறான், பெருநாளுக்கு வீட்டுக்குப் போகும்போது கொடுக்கமுடியுமா என்று கேட்டிருக்கிறார்.

இபு தானே விடுதிக்கு வந்தார். எனக்கு அதற்குள் இந்தோனேசிய மொழி நன்றாகப் பேச வந்திருந்தது. அவர் பொதியை உடனே தரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாக் சச்சி உங்கள் அண்ணனா?”

“இல்லை. நண்பர்.”

“சரி” என்று பொதியை நீட்டினார். “கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள்.”

போட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அண்ணனும் அதே தடிப்பில், அதே கறுப்புச் சட்டத்தில் போடுபவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. வேறு எதுவும் கேட்காமல், நல்லபடி இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐந்து பேர் சேர்ந்து ஓர் அகதியைப் பொறுப்பெடுக்கும் திட்டத்தில் 2015இல் அண்ணன் எனக்காக விண்ணப்பித்தார். மற்ற நால்வரும் மல்வேர்னில் அவரது அயலவர்கள். அவர்களில் றொனால்ட் அண்ணை அண்ணனோடு பழைய தொழிற்சாலை வேலையில் ஒன்றாக நின்றவர். உறவுமுறை என்ற இடத்தில் அண்ணன் ‘நண்பர்’ என்று எழுதினார். 2018இல் மறுப்பு வந்தது. விண்ணப்பதாரர் கனடாவில் அண்ணன் இருப்பதாக ஐ.நா.வுக்குச் சொல்லியிருக்கிறார், அதே பெயருடையவர் இங்கே நண்பர் என்று எழுதியிருக்கிறார், எனவே இரு தரப்பையும் நம்பமுடியவில்லை. கடிதம் அவ்வளவுதான்.

கடிதத்தை வாசித்துவிட்டு றொனால்ட் அண்ணை விட்ட கதையை அண்ணி இன்றைக்கும் சொல்வார்.

“சச்சி, நீர் ஓடுற காரில ஆர் ஆர் ஏறியினம்? மந்திரி ஏறுறார், தூதுவர் ஏறுறார். ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதே? நான் பஸ் ஓடுறன். என்ர பஸ்ஸில மந்திரி ஏறினா, கதவைப் பூட்டிப்போட்டு விசயத்தை முடிச்சிட்டுத்தான் இறக்குவன்.”

“உம்மட பஸ்ஸில ஒரு மந்திரியும் ஏறான். நேரத்துக்கு வந்தாத்தானே” என்று அண்ணன் எழுந்து போய்விட்டாராம்.

2020இல் வுலன்தாரி கனடாவுக்கான தூதுவராக ஒட்டாவாவுக்கு வந்தார். இடையில் ஹனோய் தூதரகத்தில் இரண்டாம் நிலை அதிகாரியாகவும் ஜகார்த்தாவில் பணிப்பாளராகவும் இருந்திருந்தார். நோய்க்காலக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், 2021 ஒக்ரோபரில் ரயிலில் ரொறன்ரோ வந்தார். ஸ்காபரோவில் ஒரு கண்காட்சி திறப்பு. அண்ணன் கொடி ஏற்றிய காரில் அவரை அழைத்துப்போனார். நானூற்றொன்று நெடுஞ்சாலையில் விபத்து, வாகனங்கள் அசையவில்லை.

“மேடானில இருக்கிற உங்கட சிநேகிதன் என்ன மாதிரி?” என்று பின்னாலிருந்து கேட்டாராம்.

அண்ணன் கண்ணாடியில் அவரைப் பார்த்திருக்கிறார். “இபு, அவன் என்ர தம்பி.”

“தெரியும். எட்டு வருசமாத் தெரியும்.”

முப்பது வருடங்களில் ஓர் அதிகாரிக்கு அதை அவர் சொன்னது அதுவே முதல் தடவை. சொன்ன கையோடு கேட்டும்விட்டார். கனடா அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் தரமுடியுமா?

“ஏலாது, பாக் சச்சி. நான் எழுதினா அது வுலன்தாரி எழுதினதில்லை, இந்தோனேசியா எழுதினது. ஒரு சாரதியின்ர தம்பிக்காக ஒரு நாடு கடிதம் எழுதக்கூடாது. எழுதினா, நாளைக்கு மற்ற எல்லாச் சாரதிக்கும் எழுதவேணும்.”

அண்ணன் காரின் எஞ்சினை நிறுத்தினார்.

“எங்கட கோப்பிலயும் சகோதரம் இல்லையெண்டுதானே எழுதியிருக்கிறியள். முதல் வந்த வருசம் ஊழியர் கோப்பெல்லாம் பாத்தது நான். முதல் அதைத் திருத்துங்கோ.”

“என்ர வேலை போகுமோ?”

“அது கொன்சல் ஜெனரல் எடுக்கிற முடிவு. நான் அதிலயும் வாய் வைக்கமாட்டன்.”

இருபது வருடப் பழக்கத்துக்கு இதுதானா பதில் என்று அண்ணனுக்குக் கடும் கோபம். அதன்பின் அவர் ரொறன்ரோ வரும்போதெல்லாம் ‘இபு’ என்று அழைக்காமல் ‘எக்ஸலென்சி’ என்றே அழைத்தார். அவரும் பொறுத்துக்கொண்டார். ஒரு நாள் மட்டும், “நீங்கள் அப்பிடிக் கூப்பிட்டா எனக்குத் தலையில தொப்பி வைச்ச மாதிரி இருக்கு” என்றாராம். “உங்களுக்குத் தொப்பி வடிவு, எக்ஸலென்சி” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாராம் இவர்.

ஆனால் படிவத்தைத் திருத்தினார். முதல் பொய் எந்த வருடம், ஏன் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி, துணைத்தூதரகத் தலைவரான கொன்சல் ஜெனரலிடம் நேரில் கொடுத்தார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. வேலை போகவில்லை. அந்தக் கடிதத்தை அவர் மறைக்கவில்லை. அண்ணியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அடுத்தது கனடா அரசாங்கம் என்றார்.

அங்கேதான் வீட்டில் பிரச்சினை தொடங்கியது. வழக்கறிஞர் சுபாங்கி இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. எதையும் பூசி மெழுகமாட்டார். “அங்கிள், 1991இல பொய் சொன்னனெண்டு நீங்களே எழுதிக் குடுத்தா, சிட்டிசன்ஷிப்பை எடுக்கிறதுக்கு அவைக்கு பவர் இருக்கு. எடுப்பினமோ தெரியாது. பட், எடுக்கலாம்” என்றார். மகள் துர்க்கா இங்கே பிறந்தவள். அவளுக்கு ஒன்றும் வராது. அண்ணி 1994இல் அண்ணனின் பொறுப்பில் வந்தவர். அண்ணனுடையது ஆட்டம் கண்டால் அவருடையதையும் தோண்டலாம்.

“வயசு போன காலத்தில எங்களை எங்க அனுப்புவாங்கள்?” என்று அண்ணி கேட்டார்.

அண்ணன் அவரை வற்புறுத்தவில்லை, விட்டுவிடவும் இல்லை. ஆறு கிழமைகள் ஒரே வீட்டில் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சில்லை என்று துர்க்கா சொன்னாள். பிறகு ஒரு நாள் அண்ணி நேரே எனக்குத் தொலைபேசி எடுத்தார். அதற்கு முன் அவர் என்னோடு தனியாகப் பேசியதில்லை.

“தம்பி, நீங்கள் இஞ்ச வந்தா எங்க படுக்கப்போறியள் எண்டுதான் யோசிக்கிறன். கீழ ரூம் சரியான குளிர்.”

“நான் சமாளிப்பன் அண்ணி.”

“உங்கட கொண்ணர் ஹீற்றரைக் கூட்ட விடமாட்டார். அதையும் இப்பவே சொல்லிப்போட்டன்.”

அவர் சம்மதம் சொன்ன விதம் அதுதான். 2022 வைகாசியில் அண்ணன் சுபாங்கியின் அலுவலகத்தில் சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தார். கூடவே ஐந்து பேரின் புதிய விண்ணப்பம். உறவுமுறை: சகோதரர். றொனால்ட் அண்ணை அங்கேயே, “இனிமேல் நாங்கள் ஐஞ்சு பேரும் ஒண்டாக் களி தின்னலாம்” என்றாராம்.

ஒரு வருடம் கழித்து, குடியுரிமை பற்றி விளக்கம் கேட்டு அரசாங்கக் கடிதம் வந்தது. சுபாங்கி பதில் எழுதினார். அதன்பின் எட்டு மாதங்கள் ஒரு சத்தமுமில்லை. அந்த மாதங்களில் அண்ணி தபாற்பெட்டியைத் திறக்கப் போகவே மாட்டார். துர்க்கா அஜக்ஸிலிருந்து வந்துதான் திறப்பாள். 2024 தொடக்கத்தில், மேலும் நடவடிக்கை இல்லை என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. அண்ணன் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அந்த வருட ஆனியில் வுலன்தாரி அறுபது வயதில் ஓய்வு பெற்றார். ஆடியில் மேடானிலிருந்து சுபாங்கிக்கு ஒரு கடிதம் வந்தது. முத்திரையில்லை, பதவியில்லை, வீட்டு விலாசமும் ஒற்றைப் பெயரும். “2013இல் சச்சிதானந்தன் தந்த பொதியை மேடான் விடுதியில் ஒருவரிடம் கொடுத்தேன். அண்ணனா என்று கேட்டேன், இல்லை என்றார். நான் நம்பவில்லை. அண்ணனைக் காப்பாற்றவே அப்படிச் சொன்னார் என்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.” இவ்வளவுதான் அதில். நான் பொய் சொன்னதையும் எழுதியிருந்தார். ஐப்பசியில் கனடா அதிகாரி என்னை விசாரித்தபோது அந்தக் கடிதம் அவர் முன்னால் இருந்தது. ஏன் நண்பர் என்று சொன்னீர்கள் என்று கேட்டார். அண்ணை சொல்லச் சொன்னார், சொன்னேன் என்றேன். கடிதம் உதவியதா என்று சுபாங்கியிடம் கேட்டால், தனக்குத் தெரியாது என்கிறார். தை மாதம் விசா வந்தது.

அந்தக் கடிதத்தின் பிரதியை வாசித்த அன்று அண்ணன் இபுவுக்குத் தொலைபேசி எடுத்தார். என்ன பேசினார்கள் என்று எனக்குச் சொல்லவில்லை. இபு என்று அழைத்ததை மட்டும் அண்ணி கேட்டிருக்கிறார்.

2025 பங்குனி பதினெட்டில் நான் வந்து இறங்கினேன். அண்ணனைக் கண்டு முப்பத்துநான்கு வருடங்கள். அவர் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு நின்றார். வழமையாகச் சாரதிகள் நிற்கும் இடத்தில் நிற்கிறார், உறவினர் நிற்கும் பக்கம் போகச் சொன்னால் கேட்கவில்லை என்று துர்க்கா முறைப்பட்டாள். “பசிக்குதோ?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப நட” என்றார்.

அடுத்த மாதம் அவர் ஓய்வு பெற்றார். தன் பழைய காரில் என்னை எல்லா இடமும் கொண்டுபோய்க் காட்டினார். மற்றவர்கள் நீர்வீழ்ச்சி காட்டுவார்கள். அவர் ஹமில்ரன் துறைமுகத்தையும் விமானநிலையச் சரக்குக் கொட்டிலையும் காட்டினார். கீழறை குளிர்தான். ஹீற்றரைக் கூட்ட அவர் விடவில்லை. கார்த்திகை ஒன்பதாம் திகதி, இதயம் நின்று, ஆஸ்பத்திரியில் காலமானார். நாங்கள் மூவரும் பக்கத்தில் இருந்தோம்.

அன்று பின்னேரம் துர்க்கா கணினியில் மரண அறிவித்தலைத் தட்டினாள். காலஞ்சென்றவர்களான கதிரவேலு தம்பதிகளின் அன்பு மகனும், பாலேஸ்வரியின் அன்புக் கணவரும், துர்க்காவின் பாசமிகு தந்தையும் என்று வாசித்துக்கொண்டே வந்து, “ராகுலனின் அன்புச் சகோதரரும்” என்றாள். “சரிதானே சித்தப்பா?”

சரி என்றேன். தொடர்புக்கு யாருடைய இலக்கம் போடுவதென்று கேட்டாள். அண்ணியால் பேச இயலாது. அவளுக்கு மண்டபத்து அலுவல்கள். என் இலக்கத்தைப் போடச் சொன்னேன். ‘ராகுலன், சகோதரர்’ என்று போட்டாள்.

மூன்று நாள் தொலைபேசி ஓயவில்லை. ஸ்ரௌவ்வில்லிலிருந்து ஒருவர் எடுத்தார். 1992இல் அண்ணனோடு ஒரே அறையில் இருந்தவராம். குரலில் சந்தேகம்.

“நீர் ஆர் கதைக்கிறது?”

“சச்சியண்ணையின்ர தம்பி.”

“சச்சிக்குத் தம்பி இல்லையே. ரெண்டு வருசம் ஒண்டா இருந்தனாங்கள், எனக்குத் தெரியாதே?”

“இருக்கிறன் அண்ணை,” என்றேன். “கிரியை ஞாயிற்றுக்கிழமை. காலமை எட்டு மணிக்கு வாங்கோ.”